ஏரிக்கரை வரைக்கும் ஆட்டோ, அப்புறம் நடை

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். லீவு நாளில் பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப் போவதற்குப் பதில், தாத்தா பாட்டியோடு ஊரில் இருக்கும் பழைய வீட்டுக்கு ஒரு நாள் நடந்து போய்விட்டு வாருங்களேன் என்று. எழுதுகிறவனுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விடலாம். வீட்டில் வயசானவர்களை வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அல்லவா கஷ்டம் தெரியும்? வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான், அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: மாமனாருக்கு 79 வயது, மாமியாருக்கு 73. சொந்த ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கம். வீடு பூட்டிக் கிடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏரிக்கரை மேலேயே மூன்று கிலோமீட்டர் போகணும். ஆட்டோ போகும், ஆனால் மாமனார் "அந்தக் கரையில நான் நடந்துதான் வருவேன்" என்று ஒரே பிடிவாதம். கணவரோ "ஏதாவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது" என்கிறார். பிள்ளைகளுக்கு 13, 8. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.
வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கூட்டிப் போங்கள். ஆனால் மூன்று கிலோமீட்டரும் நடக்க வேண்டாம்.

உங்கள் மாமனார் கேட்பது உடற்பயிற்சி இல்லை. அந்தக் கரையில் தன் காலால் நடந்து, வழியில் பார்க்கிறவரிடம் தான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டு, வாசலில் போய் நிற்க வேண்டும். இதற்குக் கடைசி ஒரு கிலோமீட்டர் போதும். கரையில் முதல் இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ, அங்கிருந்து நடை, திரும்பும்போது வீட்டு வாசலிலிருந்தே ஆட்டோ. இதை அவரிடம் "உங்களால முடியாதுப்பா" என்று சொன்னால் காரியம் கெட்டது, அடுத்த நிமிஷமே நாலு மைல் நடந்து ஸ்கூலுக்குப் போன கதை வந்துவிடும். "சின்னவனால அவ்வளவு தூரம் நடக்க முடியாது மாமா" என்று எட்டு வயசுக்காரன் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். பேரனுக்காக எந்தத் தாத்தாவும் இறங்கி வருவார்.

முன்கூட்டியே ஒரு ஒத்திகை பாருங்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னாலிருந்து தினமும் காலையில் உங்கள் தெருவிலேயே அவரை நடக்க வையுங்கள், கூடவே நீங்களோ பையனோ போங்கள். அரை மணி நேரம் நடந்துவிட்டு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா, மறுநாள் முட்டி வலி இருக்கிறதா, நெஞ்சில் இறுக்கம் ஏதாவது சொல்கிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இதயத்துக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்த்தவர் என்றால் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் என்றால், அன்றைக்குச் சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் தள்ளிப்போகும் என்பதை டாக்டரிடம் சொல்லி என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கை நடுங்கி, வேர்த்து, பேச்சு குழறினால் உடனே கொடுக்கச் சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். சட்டைப் பை என்றுதான் சொல்கிறேன், ஆட்டோவில் விட்டு வந்த பையில் இருந்து பிரயோஜனம் இல்லை.

இனி, யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரு விஷயம். நான் என் அப்பாவையும் அம்மாவையும் எங்கள் ஊருக்குக் கூட்டிப் போனபோது அப்பாவுக்கு 76. அவர் முட்டியைப் பற்றியே கவலைப்பட்டு, பெல்ட் வாங்கி, தைலம் வாங்கி, மடக்குகிற ஸ்டூல் வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்தரை மணிக்கு ஆள் தலை சுற்றி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். விசாரித்தால், காலையில் வீட்டில் குடித்த அரை டம்ளர் காபிக்கு அப்புறம் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன்ப்பா என்றால் பதில் இல்லை. அம்மாதான் சொன்னாள்: "வழியில எங்க போறதுன்னுதான்." அம்மாவும் குடிக்கவில்லை, அவள் மயங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கால் வலிக்குத் தைலம் வாங்கிய நான் கழிப்பறைக்கு ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. வயசானவர்கள் வெளியே கிளம்பத் தயங்குவதில் பாதி இதனால்தான், மானம் என்று நினைத்துச் சொல்ல மாட்டார்கள். ஆகவே வழியில் எங்கெங்கே நிறுத்துவோம் என்று கிளம்பும் முன்பே அவர்கள் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிடுங்கள். சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜிஎஸ்டி ரோட்டில் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன. ஊரில் தெரிந்த வீடு ஒன்றுக்கு முந்தின நாளே போன் போட்டு, பெரியவர்கள் வருகிறார்கள், பாத்ரூம் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று கேட்டுவிடுங்கள், கிராமத்தில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். குந்தி உட்கார முடியாதவர் என்றால் மெடிக்கல் கடைகளில் மடக்கு கமோட் நாற்காலி கிடைக்கும், கார் டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு இருப்பது தெரிந்தால் அவர்களே பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

செருப்பு விஷயம் ஒன்று பாக்கி. புது ஷூ வாங்கிக் கொடுத்து அன்றைக்கே மாட்டிவிடாதீர்கள். பழகிய, பின்பக்கம் வார் வைத்த செருப்பு போதும். ரப்பர் செருப்பு ஈரக் கரையில் வழுக்கும். ஏறும்போது பயமில்லை, கரையிலிருந்து இறங்கும்போதுதான் கையைப் பிடிக்க வேண்டும், அதையும் அவர் பிடிப்பது போல நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? ரயிலா, காரா?
வாசகர், பெரம்பூர்

பதில்: தை, மாசி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்து, ஏரியில் தண்ணீர் நின்று, வயலில் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருக்கும். பங்குனி பிறந்தாலே வெயில் ஏறிவிடும், மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரியில் பெரியவர்களை வெளியே அழைத்துப் போவதைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டாம். பொங்கல் அன்றைக்கும் வேண்டாம், சென்னையே ஜிஎஸ்டி ரோட்டில்தான் நிற்கும். பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உத்தமம். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் ஏழுக்கு நடக்க ஆரம்பித்து, பதினொன்றுக்குள் நிழலுக்கு வந்துவிடலாம்.

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டுக்கு லோக்கல் ரயில் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், செங்கல்பட்டு வரும்போது கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே வரும். ஆனால் லோக்கலில் கழிப்பறை கிடையாது, அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். முதல் பதிலைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். தாம்பரம் வரை வண்டியில் வந்து அங்கே ரயில் ஏறினால் தேவலை. அரசு பஸ் என்றால் தெற்கே போகிற வெளியூர் வண்டிகள் இப்போது பெரும்பாலும் கிளாம்பாக்கத்திலிருந்துதான், பழக்கதோஷத்தில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள்.

வேடந்தாங்கலும் பக்கம்தானே, பறவையும் பார்த்துவிட்டு வரலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல சீசன்தான், ஆனால் ஒரு நாளில் இரண்டு வேண்டாம். பறவைகள் அடுத்த வருஷமும் வரும்.

கேள்வி: எங்கள் ஊர் வீட்டில் பாதி ஓடு விழுந்துவிட்டது. என் பையன் "ஒடஞ்ச வீட்டப் பார்க்கவா இவ்வளவு தூரம்" என்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் படுகிறது. அங்கே போய் அவனுக்கு எதைக் காட்டுவது?
வாசகர், அம்பத்தூர்

பதில்: நீங்கள் ஒன்றும் காட்டாதீர்கள். தாத்தா காட்டட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள்.

வழியிலேயே ஆரம்பித்துவிடும். நகரத்துப் பிள்ளைக்கு ஏரி என்றால் தண்ணீர் நிற்கிற பள்ளம். மதகு எங்கே இருக்கிறது, அதைத் திறந்தால் எந்த வாய்க்காலில் ஓடும், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எந்தக் கலங்கல் வழியாக வெளியேறி அடுத்த ஏரிக்குப் போகும், கரையில் ஏன் வரிசையாகப் பனை வைத்தார்கள் (வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்) என்பதெல்லாம் அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்துத் தாத்தா என்றால் மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையை நிச்சயம் எடுப்பார். 1790களில் செங்கல்பட்டு ஜாகீருக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், மழைக்கு மழை உடைகிற கரையைப் பார்க்கப் போனபோது, வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டார் என்பார்கள். கோயிலில் அவர் பேரில் கல்வெட்டும் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் பையன் இஷ்டம், ஆனால் ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று தாத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள், அந்தக் கதை இதைவிடப் பெரிதாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் விழுந்து கிடக்கிற ஓட்டைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன் (கையால் அல்ல, குச்சியால் புரட்டிவிட்டு). அரை வட்டமாகச் சாண் நீளத்துக்கு இருந்தால் நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, காயும் முன் நீளவாக்கில் இரண்டாக வெட்டிச் சுட்டது, உள்பக்கம் விரல் ஓடிய வரி வரியாகத் தெரியும். தட்டையாக, பள்ளம் மேடு வைத்து, ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்தால் சீமை ஓடு, மங்களூர் ஓடு என்பார்கள். அதன் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கத்திலிருந்து வந்த பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் தொடங்கியதுதான் இந்த ஓட்டுத் தொழில், அப்புறம் பல கம்பெனிகள் வந்தன. ஒரு வீட்டில் முன்பக்கம் சீமை ஓடும் பின்பக்கம் நாட்டு ஓடும் இருந்தால், வாசலுக்கு வருகிறவர் பார்க்கட்டும் என்று எந்த வருஷம் யார் கடன் வாங்கிப் போட்டார்கள் என்று தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்குள் நாங்கள் நுழையவே இல்லை. நாற்பது வருஷமாக அம்மா பெட்டியில் வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனோம், பூட்டை யாரோ எப்போதோ மாற்றியிருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று எனக்கு எரிச்சல். அப்பா அதைப் பற்றிக் கவலையே படாமல் திண்ணையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கை தானாக ஓரக் கல்லைத் தடவியது. அந்தக் கருங்கல் ஒரு இடத்தில் மட்டும் சாண் நீளத்துக்கு வழவழவென்று குழிந்திருந்தது, அரிவாள் தீட்டித் தீட்டி. அதற்கு இரண்டு முழம் தள்ளி, தரைக் கல்லில் இரண்டு வரிசையாக ஏழேழு சின்னக் குழி, மண் அடைத்துக் கிடந்தது. என் மகள்தான் குச்சியால் நோண்டி எடுத்தாள். பல்லாங்குழி. அம்மா கொல்லைப்பக்கம் போய்ப் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு மணி நேரம் ஆட்டம், அப்பா இரண்டு தடவை அழுகுணி ஆட்டம் ஆடி மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கேள்வி கேட்கும் விதமும் ஒன்று இருக்கிறது. "அந்தக் காலத்துல எப்படித் தாத்தா இருந்துச்சு" என்று கேட்டால் "ரொம்ப நல்லா இருந்துச்சுடா" என்பதோடு முடிந்துவிடும். "இந்த இடத்துல யார் தூங்குவாங்க?", "மழை பெஞ்சா எங்க ஒழுகும்?", "நெல் எங்க கொட்டி வெப்பீங்க?", "யாரு பொறந்தது எந்த ரூம்ல?" இப்படி இடத்தைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள், அப்புறம் நிறுத்த முடியாது. போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், வீடியோ வேண்டாம், கேமராவைப் பார்த்ததும் நம் ஆட்கள் விறைப்பாகிவிடுவார்கள்.

கேள்வி: பாழடைந்த வீடு, பாம்பு இருக்காதா?
வாசகி, கொளத்தூர்

பதில்: இருக்கும். எலி இருக்கிற இடத்தில் இருக்கத்தான் செய்யும். விழுந்த ஓட்டுக் குவியல், விறகு அடுக்கு, கரையான் புற்று, புல் மண்டிய கொல்லை, இந்த நாலில் கையை விடவோ காலை வைக்கவோ கூடாது, பிள்ளைகளிடம் இதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் ஒரு பெரியவர் போகட்டும். மீறிக் கடித்துவிட்டால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், 108க்கு அடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மதுராந்தகம் பக்கம் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், எது கடித்தது என்று தேடி அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த மருந்து தயாரிக்கப் பெரும்பாலும் விஷம் எடுத்துக் கொடுப்பதே நம் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கம்தான், 1978இல் தொடங்கியது.

பாம்பைவிட எனக்குப் பயம் சுவர். மண் சுவர் மழை பெய்யும்போது நிற்கும், ஊறி, பிறகு காயும்போது ஒரு நாள் சத்தமில்லாமல் சரியும். கூரை முதுகு நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே போகவே போகாதீர்கள், பனங்கையை (கூரை தாங்குகிற பனஞ்சட்டத்தை) கரையான் உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் ஒரு ஆளை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்திலேயே சித்தப்பா குடும்பம் இருக்கிறது. நாங்கள் பத்துப் பேராகப் போய் இறங்கினால் பாகம் பிரிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட மாட்டார்களா?
வாசகர், விருகம்பாக்கம்

பதில்: நினைப்பார்கள். வேறென்ன நினைப்பார்கள்? பதினைந்து வருஷமாக எட்டிப் பார்க்காத அண்ணன் குடும்பம் திடீரென்று வேன் வைத்துக்கொண்டு வந்தால் எனக்கே அந்தச் சந்தேகம் வரும்.

ஒரு வாரம் முன்னால் உங்கள் அப்பாவே அவர் தம்பிக்குப் போன் செய்யட்டும், நீங்கள் அல்ல. "பசங்களுக்கு வீட்டக் காட்டணும், சாயந்திரம் கிளம்பிடுவோம்" என்ற இரண்டு விஷயமும் அதில் இருக்க வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், சித்திக்குப் பூ வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அவர்கள் வீட்டுப் படி ஏறிவிட்டு அப்புறம் பழைய வீட்டுக்குப் போங்கள். போன இடத்தில் எல்லைக்கல் பக்கம் நின்று போட்டோ எடுக்காதீர்கள், அடியால் அளந்து நடக்காதீர்கள், "இந்த மரம் நம்ம சைடுதானே" என்று பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் இப்போது வீட்டில் உட்கார்ந்தே இணையத்தில் பார்க்கலாம், அதற்காக ஊருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பேச வேண்டியது இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் போங்கள். அன்றைக்கு அத்தைகளையும் மறக்காமல் கூப்பிடுங்கள், தமிழ்நாட்டில் 1989இலேயே இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில், அப்போது கல்யாணம் ஆகாதிருந்த மகளுக்கும் சம பங்கு உண்டு என்று சட்டம் வந்தாயிற்று, 2005இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. இது ஊருக்கே தெரியும், பங்காளிகளுக்குத்தான் அடிக்கடி மறந்துபோகும்.

கேள்வி: சாப்பாடு என்ன எடுத்துக்கொண்டு போவது?
வாசகி, அனகாபுத்தூர்

பதில்: புளிச்சோறு, தயிர்ச்சோறு. தேங்காய் சேர்த்த எதுவும் மதியம் வரை தாங்காது. தயிர்ச்சோற்றுக்குக் குழைய வடித்த சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்தால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. பல் இல்லாதவர்களுக்கு அதுதான் வசதி. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். வாழை இலையை இங்கேயே வாங்கிச் சுருட்டிக்கொள்ளுங்கள், ஊரில் கிடைக்கும் என்று நம்பிப் போனவன் பேப்பர் தட்டில் சாப்பிட்டேன்.

கேள்வி: எல்லோரும் ஊர், ஊர் என்கிறீர்கள். எங்கள் தாத்தாவே சென்னைச் சூளைப் பகுதியில் பிறந்தவர். எங்களுக்குப் போக ஊர் இல்லை. நாங்கள் என்ன செய்வது?
வாசகர், ஓட்டேரி

பதில்: இப்படிக் கேட்டதற்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கணும். சென்னைக்காரனுக்குச் சென்னைதானே ஊர்?

பழைய வீடு எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் பார்த்தால் போதும் என்றால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இல் திறந்தது. செட்டிநாடு, அக்ரஹாரம், கேரளா என்று அங்கங்கே இடிக்கப்பட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உட்கார நிழல் உண்டு, பாத்ரூம் உண்டு, பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆனால் அது உங்கள் தாத்தா வீடு இல்லை. அங்கே அவர் வேடிக்கை பார்ப்பார், பேச மாட்டார்.

அவர் காலத்து ஆட்களில் பாதிப் பேருக்குப் பி அண்ட் சி மில் என்ற பழைய துணி ஆலையோடு ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கும், தாத்தா வேலை பார்க்காவிட்டால் அவர் அப்பாவோ மாமாவோ. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான் தொடங்கியது, பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதில் நின்றார்கள். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, ரோட்டில் வண்டி குறைவாக இருக்கும்போது, அவர் பிறந்த தெருவிலிருந்து வேலைக்குப் போன வழியில் அவர் வேகத்தில் நடந்து போங்கள். சங்கு ஊதினால் எந்த முனையில் இருக்கணும், லேட்டானால் எந்தச் சந்தில் ஓடணும், சம்பள நாளில் எந்த இடத்தில் கடன்காரர் நிற்பார் என்று சொல்லிக்கொண்டே வருவார். பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம் இருக்கலாம், இருக்கட்டும். காலை டிபனுக்கு எங்கே நிறுத்துவது என்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: தாத்தா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆயாவுக்கு 77. ஊர் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்றால் "அந்த வூட்ல எனக்கு என்னடி இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்கிறார். எங்களுக்கு அவரை அழைத்துப் போகணும் என்று ஆசை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?
வாசகி, ராயபுரம்

பதில்: சம்மதிக்க வைக்க வேண்டாம். அவர் சொல்வது உண்மை.

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் "தாத்தா துடிக்கிறார், பாட்டி யோசிக்கிறார்" என்று எழுதியவர்கள் ஐந்து பேர். உங்கள் தாத்தாவுக்கு அது பிறந்த வீடு, ஓடி விளையாடிய வீடு. ஆயாவுக்கு அது பதினாறு பதினேழு வயதில் வந்து இறங்கிய மாமியார் வீடு. அவருக்குத் திண்ணை இல்லை, திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்த நடை மட்டும்தான் உண்டு.

என் அம்மாவும் அன்றைக்கு வந்தாளே தவிர வீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பல்லாங்குழி ஆடி முடித்ததும் கொல்லைக் கிணற்றுப் பக்கம் தனியாகப் போனாள், நானும் பின்னால் போனேன். ராட்டினம் இல்லை, குறுக்குக் கட்டை மட்டும் இருந்தது, அதில் கயிறு அறுத்த தடம் விரல் ஆழத்துக்கு மூன்று. அம்மா அதில் ஒன்றில் விரலை வைத்து, "ஒரு நாளைக்கு நாப்பது கொடம். மாட்டுக்குத் தனி" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் சாயந்திரம் இதைச் சொன்னபோது, "அப்படியா, நாப்பதா?" என்று கேட்டார். அறுபது வருஷம் கழித்து.

உங்கள் ஆயா பிறந்த ஊர் எது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு என் அம்மாவின் ஊர் பேர் மட்டும்தான் தெரிந்திருந்தது. அது அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்தான் என்பது அந்த ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் ஆயாவிடம் தாத்தா வீட்டுப் பேச்சை எடுக்காமல் அவர் அம்மா வீட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எங்கே இறங்கணும், கூட யாரெல்லாம் இருந்தார்கள் என்று. ஒரு மணி நேரம் பேசினாரென்றால் மறுவாரம் அங்கே கிளம்புங்கள். முதலில் சொன்ன பாத்ரூம் ஏற்பாட்டை மறக்காதீர்கள், அவருக்கு 77 வயது.